நடத்துநருக்குப் பாடம் நடத்துவது யார்?

என் மாணவி ஒருத்தி நீதிமன்றத்தில் சொன்ன சாட்சியம் மொத்தம் நான்கு பக்கம். அதன் சான்றிட்ட நகல் என் கைக்கு வந்தபோது, விடைத்தாள் திருத்தும் பழக்கத்தில் பென்சிலை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அவளுடைய பெயர் அதில் இல்லை. அவள் 'அ.சா.1'. அவளைச் சிதைத்தவன் 'எதிரி'. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அந்த நான்கு பக்கத்தின் மொழியை மட்டும் மாற்றவில்லை.

தமிழ்நாட்டு விசாரணை நீதிமன்றங்களில் பெரும்பாலும் சாட்சியத்தைக் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. சாட்சியே தொடர்ந்து பேசியதுபோல் எழுதுகிறார்கள். கேட்ட கேள்விகள் காணாமல் போய்விடும். குறுக்கு விசாரணையில் மட்டும் அவற்றின் நிழல் விழும். "நான் எதிரியுடன் ஏற்கெனவே பழகி வந்தேன் என்று சொன்னால் சரியல்ல. சம்பவத்தன்று நான் விருப்பப்பட்டுத்தான் போனேன் என்று சொன்னால் சரியல்ல. பணம் கேட்டுக் கிடைக்காததால் பொய்ப் புகார் கொடுத்தேன் என்று சொன்னால் சரியல்ல." இப்படி ஒன்றரைப் பக்கம். ஒரு பெண் தன்னைப் பற்றிய அவதூறுகளைத் தன் வாயாலேயே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி மறுக்க வேண்டிய இந்த வாக்கிய அமைப்பை எந்த இலக்கண நூலிலும் நான் பார்த்ததில்லை. அது முடிந்ததும் கடைசி வரி: "மறுவிசாரணை இல்லை."

பென்சில் அந்த வரியில் நின்றுவிட்டது.

மறுவிசாரணை என்றால் குறுக்கு விசாரணையில் ஏற்பட்ட குழப்பத்தை அரசுத் தரப்பு வழக்கறிஞர் திரும்ப எழுந்து கேட்டுத் தெளிவுபடுத்துவது. இவள் புகாரில் 'மாலை ஆறு மணி' என்று எழுதியிருந்தாள். கூண்டில் நின்றபோது 'இருட்டிய பிறகு' என்று சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொண்டார்: ஆறு மணிக்கு இருட்டிவிடுமா? அவளுக்கு வாய் அடைத்துப்போனது. சம்பவம் நடந்தது மார்கழியில். மார்கழியில் ஆறு மணிக்கு நம்மூரில் விளக்கு வைத்துவிடுவார்கள். "அது எந்த மாதம், அந்த மாதத்தில் எத்தனை மணிக்கு இருட்டும்?" என்று ஒரே ஒரு கேள்வியோடு அரசு வழக்கறிஞர் எழுந்திருந்தால் போதும். முல்லைக்கு மாலை, நெய்தலுக்கு எற்பாடு என்று சிறுபொழுது நடத்தியே காலம் ஓட்டுகிற எனக்கே தோன்றிய கேள்வி அது. அவர் எழுந்திருக்கவில்லை. விடுதலைத் தீர்ப்புக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த ஆறு மணியும் ஒன்று.

அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்று காலை நானும் அவளோடு போயிருந்தேன். மூடிய அறையில் நடக்கும் விசாரணை என்பதால் உள்ளே விடவில்லை, வராண்டாவில் இருந்தேன். பத்தேகால் மணிக்கு ஜூனியர்கூட இல்லாமல் தனியாக, கையில் நான்கு கட்டுகளோடு அவர் வந்தார். "நீதானம்மா அந்தப் பொண்ணு? பயப்படாத. ஸ்டேட்மென்ட்ல சொன்னத அப்படியே சொல்லிடு" என்றார். "அத எனக்குப் படிக்கக் குடுக்கலையே சார்" என்றாள் இவள். மூன்று வருடத்துக்கு முன் காவல் நிலையத்தில் யாரோ எழுதிய வாக்குமூலம் அது. அவர் கட்டைப் பிரிப்பதற்குள் டவாலி வேறொரு வழக்கின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அவள் வாழ்க்கையில் நடந்த மிகக் கொடிய ஒன்றை அரசின் சார்பில் எடுத்துச் சொல்லப்போகிறவரோடு அவளுக்கு இருந்த மொத்த அறிமுகமும் அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான்.

பொதுமக்கள் பேச்சில் அவர் 'அரசு வக்கீல்', நீதிமன்ற வளாகத்தில் 'பி.பி.'. தேர்வாணையத்தின் அறிவிக்கைத் தமிழில் மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றப் பதவிக்கு 'உதவி அரசு வழக்கு நடத்துநர்' என்று பெயர். முதன்முதலில் இதைப் படித்தபோது விசில் அடித்து ரைட் சொல்லும் பேருந்து நடத்துநர்தான் நினைவுக்கு வந்தார், சிரித்தேன். பிறகு யோசித்தால் நல்ல சொல்தான். ஆசிரியர் பாடம் நடத்துகிறார், இவர் வழக்கை நடத்துகிறார். நடத்துவது என்பது ஒரு கலை, அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இவருக்கு அதைக் கற்றுக்கொடுப்பது யார் என்பதுதான் என் கேள்வி.

நன்னூல் நடத்த எனக்கு எம்.ஏ., பிஎச்.டி. போதாது. பணி உயர்வு வேண்டுமென்றால் நான்கு வார அறிமுகப் பயிற்சி, மூன்று வாரப் புத்தொளிப் பயிற்சி என்று பல்கலைக்கழக மானியக் குழு ஓட ஓட விரட்டியது. நீதிபதிகளுக்குப் போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி இருக்கிறது, சென்னையில் மாநில நீதித்துறை அகாடமி இருக்கிறது. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு ஐதராபாத். நம் காவல்துறைக்கு ஊனமாஞ்சேரி. வழக்கு நடத்துநர்களுக்கென்று அந்த அந்தஸ்தில் ஒரு கல்விக்கூடம் சொல்லுங்கள் என்று குற்றவியல் வழக்கறிஞராக இருக்கும் தோழியிடம் கேட்டேன். "எல்லாம் அடுத்தவங்க வீட்டுத் திண்ணைதான்" என்றாள். நீதிபதிகளின் அகாடமியில் இரண்டு நாள், காவல்துறைப் பயிற்சி நிலையத்தில் மூன்று நாள், டெல்லியில் குற்றவியல், தடய அறிவியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தால் ஒரு வாரம். போனால் ஒரு பை, ஒரு குறிப்பேடு, மதியம் சாப்பாடு, கடைசியில் குழுப் புகைப்படம். (எங்கள் புத்தொளிப் பயிற்சியும் பாதி இப்படித்தான். அதனால் சொல்கிறேன்.)

இதற்குள் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றத்தில் திருட்டு, அடிதடி வழக்கை நடத்துகிறவர் தேர்வாணையத் தேர்வு எழுதி, தேறி, நிரந்தரப் பணியில் வருகிறார். அவருக்காவது தொடக்கப் பயிற்சி என்று ஒன்றைத் திட்டமிட முடியும். பாலியல் வல்லுறவும் கொலையும் விசாரிக்கப்படுவது செஷன்ஸ் நீதிமன்றத்தில். அங்கே நிற்கிறவருக்குச் சட்டம் கேட்கும் தகுதி ஏழாண்டு வழக்கறிஞர் தொழில். போக்சோ சிறப்பு நீதிமன்றத்துக்கும் அதே ஏழாண்டுதான். அந்த ஏழாண்டில் அவர் நிலத் தகராறும் காசோலை வழக்கும் மட்டுமே பார்த்திருக்கலாம், யாரும் கேட்பதில்லை. தேர்வு கிடையாது. மாவட்டத்திலிருந்து ஒரு பட்டியல் போகும், எந்தக் கட்சி ஆட்சி என்பதைப் பார்த்துப் பெயர் வரும், ஆட்சி மாறினால் ஆளும் மாறுவார். உத்தரப் பிரதேசத்தில் ஒரே உத்தரவில் எல்லா மாவட்டத்து அரசு வழக்கறிஞர்களையும் வெளியேற்றியதை 1990இல் ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வழக்கறிஞர் வெறும் கட்சிக்காரரின் வக்கீல் இல்லை, பொதுப் பதவியின் தன்மை அதற்கு உண்டு என்று அன்றே சொல்லிவிட்டார்கள். ஆனாலும் ஐந்தாண்டுக்கொரு முறை நம் நீதிமன்ற வளாகங்களில் பெயர்ப்பலகை மாற்றுகிறவருக்கு வேலை குறையவில்லை. குற்றம் எவ்வளவு கொடியதோ அவ்வளவுக்குப் பயிற்சி குறைந்த கையில் அது ஒப்படைக்கப்படுகிறது. இந்த ஏற்பாட்டில் அதிகம் அடிபடுவது யார் என்பதைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தேசியக் குற்றப் பதிவுக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் வல்லுறவு வழக்குகளின் தண்டனை விகிதம் சுமார் 27 சதவீதம்.

நீதிமன்றங்கள் இதைச் சொல்லாமல் இல்லை, சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. அகமதாபாத்தில் ஆறு வயதுச் சிறுமியை வல்லுறவு செய்து கொன்ற வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் விடுதலையை உறுதி செய்ய நேர்ந்தது. கிஷன்பாய் வழக்கு என்பார்கள். புலனாய்விலும் வழக்கை நடத்தியதிலும் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிட்டு, நீதிபதிகள் ஓர் உத்தரவு போட்டார்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் காவல்துறை, வழக்குத் தொடர்வுத் துறை மூத்த அதிகாரிகள் கொண்ட நிலைக்குழு இருக்க வேண்டும். ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் அது எடுத்துப் படித்து, எங்கே தவறியது என்று பார்க்க வேண்டும். அந்தத் தவறுகளையே பாடமாக்கி இளம் அதிகாரிகளின் பயிற்சியில் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்குள்.

எனக்கு இந்த உத்தரவு மிகவும் பிடிக்கும். தோற்ற வழக்குதான் பாடநூல் என்கிறது அது. ஓர் ஆசிரியையாக இதைவிடச் சிறந்த பாடத்திட்டத்தை என்னால் யோசிக்க முடியவில்லை. என் மாணவியின் நான்கு பக்கமும் அந்தப் பாடநூலில் ஓர் அத்தியாயமாக இருந்திருக்க வேண்டியது. அடுத்த மாவட்டத்தில் அடுத்த மார்கழியில் இன்னொரு பெண் 'இருட்டிய பிறகு' என்று சொல்லும்போது யாராவது எழுந்து நின்றிருப்பார்கள்.

2019 டிசம்பரில் இன்னோர் உத்தரவு. போக்சோ நீதிமன்றங்களுக்குத் தனி அரசு வழக்கறிஞர்கள் வேண்டும், அவர்களுக்குச் சட்டத்தோடு குழந்தை உளவியல், குழந்தைகளின் நடத்தை, உடல்நலம் பற்றியும் மாநில நீதித்துறை அகாடமிகளில் பயிற்சி தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2021இல் அபர்ணா பட் வழக்கு. பாலியல் அத்துமீறல் செய்தவன் பாதிக்கப்பட்ட பெண்ணிடம் ராக்கி கட்டிக்கொண்டால் ஜாமீன் என்று மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் போட்ட நிபந்தனையை ரத்து செய்த தீர்ப்பு அது. நீதிபதிகளோடு அரசு வழக்கறிஞர்களுக்கும் பாலினக் கூருணர்வுப் பயிற்சி கட்டாயம் என்று அதிலும் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகு 2024 ஜூலையில் மூன்று புதிய சட்டங்கள் வந்தன, பயிற்சி வகுப்புகளும் வந்தன. அந்த வகுப்புகளுக்குப் போய் வந்த தோழி சொன்னது: "376 இனி 64. 354 இனி 74. 164 வாக்குமூலம் இனி 183. இதத்தான் மனப்பாடம் பண்ணினோம்." பிரிவு எண்கள் மாறின. மனைவிமீது கணவன் செய்வது வல்லுறவாகாது என்ற பழைய விதிவிலக்கு புதிய எண்ணுக்குள்ளும் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. கேட்கும் கேள்விகளும் அப்படியேதான் இருக்கின்றன.

சரி, என்னதான் கற்றுக்கொடுக்க வேண்டும்? சட்டம் படித்தவர்கள் அவர்கள் பங்கைச் சொல்லட்டும். தமிழ் படித்தவள் என் பங்கைச் சொல்கிறேன்.

நம் ஊர்ப் பெண்கள் வல்லுறவை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள்? 'கெடுத்துட்டான்', 'தப்பு பண்ணிட்டான்', 'அசிங்கமா நடந்துக்கிட்டான்'. வயதான அம்மாக்கள் அதையும் சொல்லாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு 'ம்' என்பார்கள். சிறுமிகள் 'அங்க' என்பார்கள். அந்த 'அங்க' எது என்பது பதிவாகாவிட்டால் வழக்கு அங்கேயே நொண்டும். முதல் விசாரணையில் விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கவும் சட்டம் அனுமதிக்காது. 'அவன் உன்னை இன்னது செய்தானா' என்று கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்துவிடும். 'அப்புறம் என்ன நடந்தது, தப்பு என்று நீ எதைச் சொல்கிறாய், அது நடந்தபோது உன் கை எங்கே இருந்தது' என்று விடையைத் திணிக்காமல், அவளையும் சிதைக்காமல், அவளுடைய சொல்லிலிருந்தே உண்மையை வெளியே கொண்டுவர வேண்டும். மௌனத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். எந்த இடத்தில் தண்ணீர் கொடுத்து ஐந்து நிமிடம் கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும். இது இயல்பாக வந்துவிடும் திறமை இல்லை. நடித்துப் பார்த்து, தவறி, திருத்தி, திரும்ப நடித்துப் பார்த்துத்தான் வரும். 'கற்பழிப்பு' என்ற சொல்லை எத்தனை ஆண்டு போராடி நாளிதழ்களிலிருந்து பாதியாவது வெளியேற்றினோம்! நீதிமன்ற வராண்டாவில் அது இன்னும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குப் போனது 'கற்பு' என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரால், அவளுக்கு நேர்ந்தது வன்முறை என்று இன்னொருவரை எப்படி நம்ப வைக்க முடியும்?

அடுத்து, எழுந்து நிற்பது. அநாகரிகமான கேள்வியைத் தடுக்கலாம், அவமதிக்கும் கேள்வியைத் தடுத்தே ஆக வேண்டும் என்று நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்த 151, 152 பிரிவுகள் 1872இலிருந்தே பழைய சாட்சியச் சட்டத்தில் இருந்தன. பெண்ணின் ஒழுக்கத்தைக் கிளறிச் சாட்சியத்தை உடைக்க இடம் கொடுத்த 155(4) 2002 திருத்தத்தில் நீக்கப்பட்டது. அவளுடைய முந்தைய பாலுறவு அனுபவம் சம்மதத்தை முடிவு செய்யப் பொருந்தாது என்பது 2013 திருத்தத்தில் தெளிவாக எழுதப்பட்டது. மதுரா வழக்கில் 1978இல் வந்த தீர்ப்புக்கு எதிராக உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு பேராசிரியர்கள் 1979இல் எழுதிய திறந்த மடலில் தொடங்கி, பெண்கள் தெருவில் நின்று வாங்கிய ஆயுதங்கள் இவை. 'ஆட்சேபணை' என்று எழுந்து நிற்க ஆளில்லாவிட்டால் அவை பீரோவில் கிடக்கும். என் மாணவியிடம் அன்று போட்டிருந்த உடையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அரசுத் தரப்பு நாற்காலி அசையவில்லை.

'பிறழ் சாட்சி' என்ற சொல்லையும் இங்கேயே பேசிவிடுகிறேன். மூன்று ஆண்டு யாரும் தொடர்புகொள்ளாமல், எதிரியின் உறவுக்காரர்கள் மட்டும் வாரந்தோறும் வீட்டுக்கு வந்து பேசி, தங்கைக்கு வரன் தகையாது என்று சொந்த அம்மாவே அழுது, கடைசியில் ஒரு பெண் கூண்டில் ஏறி 'ஞாபகமில்லை' என்றால் பிறழ்ந்தது அவளாம். அவளை அந்த மூன்றாண்டில் ஒருமுறைகூடப் பார்க்காத துறைக்கு இப்படி ஒரு பெயர் கிடையாது. பொள்ளாச்சி வழக்கில் 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டபோது, சாட்சி சொன்ன பெண்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்பதுதான் என்னை உலுக்கிய செய்தி. அந்தப் பெண்களின் துணிவு முதலில். அடுத்ததாக, அந்தத் துணிவு கலையாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் யாரோ செய்திருக்கிறார்கள். அது சி.பி.ஐ. வழக்கு, சிறப்பு அரசு வழக்கறிஞர், மாநிலமே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காத ஒரு மாவட்டத் தலைநகரில், செவ்வாய்க்கிழமை மதியம், பத்தாவது வாய்தாவில் அதே கவனம் கிடைக்க வேண்டுமென்றால் அது தனிமனிதரின் நல்ல குணமாக இருந்தால் போதாது, கற்றுத் தரப்பட்ட முறையாக இருக்க வேண்டும்.

கோகுல்ராஜ் கொலை வழக்கில் நடந்ததையும் மறக்க வேண்டாம். தாய் சித்ரா நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி, வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்து, தான் கேட்ட மூத்த வழக்கறிஞர் ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வர வைத்தார். 2022இல் தண்டனை வந்தது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் பாதிக்கப்பட்டவர் மூத்த வழக்கறிஞரைக் கேட்க வழி இருக்கிறது, நல்லது. மகனைப் பறிகொடுத்தவள் நல்ல வக்கீலைத் தேடியும் அலைய வேண்டுமா?

என் பெண்ணியத் தோழிகளிடமிருந்தே இரண்டு மறுப்புகள் வந்தன. முதலாவது: மூன்று நாள் வகுப்பில் ஆணாதிக்கம் போய்விடுமா? போகாது. மனம் மாறும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. மனதுக்குள் என்ன இருந்தாலும் மறுவிசாரணைக்கு எழுந்திருக்கப் பழக்கலாம். அறுவை சிகிச்சை செய்பவருக்கு நோயாளிமேல் அன்பு வர வேண்டும் என்று நாம் கேட்பதில்லை, கை கழுவச் சொல்கிறோம்.

இரண்டாவது கடினமானது. அரசின் கையை நாமே பலப்படுத்தலாமா, அதே அரசு வழக்கறிஞர்தானே போராடும் பெண்கள்மீதும் வழக்கு நடத்துகிறார் என்று கேட்டாள் ஒருத்தி. வாச்சாத்தியில் 1992 ஜூனில் பதினெட்டுப் பெண்களை வல்லுறவு செய்தவர்கள் அரசு ஊழியர்கள். 269 பேர்மீது வழக்கு. 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசே எதிரியாக நிற்கும்போது அரசின் சம்பளத்தில் நின்று அரசை எதிர்த்து வாதாடும் முதுகெலும்பு வேண்டும், அதையும் பயிற்சியில்தான் சேர்க்க வேண்டும். பெஸ்ட் பேக்கரி வழக்கில் அரசு வழக்கறிஞர் எதிர்த்தரப்புக்கே உதவுவதுபோல் நடந்துகொண்டார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கடிந்து, மறுவிசாரணையை மாநிலத்துக்கு வெளியே மாற்றியது. தண்டனை வாங்கித் தருவது மட்டும் அவர் வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். குற்றமற்றவருக்குச் சாதகமான ஆதாரத்தை மறைக்காமல் இருப்பதும் அவர் கடமைதான். 1990இல் ஹவானாவில் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகள், அரசு வழக்கறிஞர்களுக்குத் தகுந்த கல்வியும் பயிற்சியும் தர வேண்டும், சந்தேகிக்கப்படுபவர், பாதிக்கப்பட்டவர் இருவருடைய உரிமைகளும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கின்றன. பயிற்சியில்லாத அரசு வழக்கறிஞர் காவல்துறை எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசிக்கிறார். அந்த ஆபத்து போராடுகிற பெண்ணுக்கும் உண்டு, பொய் வழக்கில் சிக்கிய தலித் இளைஞனுக்கும் உண்டு.

என் மாணவி மேல்முறையீடு செய்திருக்கிறாள். பாதிக்கப்பட்டவருக்கு அந்த உரிமை 2009 இறுதியிலிருந்து இருக்கிறது. அதற்காகத்தான் அந்த நகலை எடுத்தோம். போன சனிக்கிழமை என் வீட்டில் உட்கார்ந்து தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினோம். எங்கள் மாவட்டத்து செஷன்ஸ், மகளிர், போக்சோ நீதிமன்றங்களில் இருக்கும் அரசு வழக்கறிஞர்கள் கடந்த ஐந்தாண்டில் எத்தனை நாள் பயிற்சி பெற்றார்கள், எங்கே, என்ன தலைப்பில்? கிஷன்பாய் தீர்ப்பு சொன்ன நிலைக்குழு இங்கே எத்தனை விடுதலைத் தீர்ப்புகளைப் படித்தது, அவற்றிலிருந்து பயிற்சிக்குப் போன பாடம் எது? நான்காவது கேள்வியை அவளே சொன்னாள்: சாட்சி சொல்வதற்கு முன் பாதிக்கப்பட்ட பெண்ணை அரசு வழக்கறிஞர் சந்திப்பதற்கென்று நீதிமன்ற வளாகத்தில் ஓர் அறை இருக்கிறதா, இருந்தால் அதன் சாவி யாரிடம் இருக்கிறது?

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறோம். இதை வாசிக்கும் மாணவிகள் அந்த நான்கு கேள்விகளையும் அப்படியே எடுத்து, மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றி, உங்கள் ஊரிலிருந்தும் போடலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம்.